செடி வளர்ப்பதும் ஒரு படிப்பா?



சென்ற ஆண்டு ஜூன் மாதம் நம் அறக்கட்டளையின் கல்வி உதவிக் குழு நேர்காணலில் நடந்ததைச் சொல்லிவிட்டுத்தான் விஷயத்துக்கு வர வேண்டும். காய்கறிக் கடை வைத்திருக்கும் ஒரு சகோதரரின் மகன் தன் தாயாருடன் வந்திருந்தான். பிளஸ் டூவில் நல்ல மதிப்பெண். என்ன படிக்கப் போகிறாய் என்று கேட்டதற்குத் தயங்காமல் "வேளாண்மை" என்றான். சான்றிதழை வாங்கிப் பார்த்தேன். வணிகவியல் பிரிவு. "தம்பி, இந்தப் பாடங்களை வைத்துக்கொண்டு வேளாண்மைப் பட்டத்துக்கு விண்ணப்பமே போட முடியாதே" என்றேன். பையன் தலையைக் குனிந்துகொண்டான். அவன் தாயார்தான் பேசினார். "பத்தாவது முடிச்சப்போ நீங்கதானே அண்ணே காமர்ஸ் எடுக்கச் சொன்னீங்க?"

உண்மைதான். ஜும்ஆவுக்குப் பிறகு நாம் நடத்திய வழிகாட்டிக் கூட்டத்தில் அந்தப் பையன் எனக்குச் செடி கொடிகள் பிடிக்கும் என்று சொன்னதும், "செடி வளர்ப்பதும் ஒரு படிப்பா? கடைக்கு உதவுகிற மாதிரி எதையாவது எடு" என்று நான் சிரித்துக்கொண்டே சொன்னதும் நினைவுக்கு வந்தன. கூட்டத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அவன் சிரிக்கவில்லை என்பதை அன்று நான் கவனிக்கவில்லை.

தெரியாத ஒன்றைப் பற்றித் தெரிந்தவன்போல் பேசிவிட்டேன். அதனால் இந்த ஓராண்டில் கல்லூரிகளுக்கும் நாற்றுப் பண்ணைகளுக்கும் வேளாண் அலுவலகங்களுக்கும் நேரில் போய்க் கேட்டுத் தெரிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். பத்தாம் வகுப்பிலும் பன்னிரண்டாம் வகுப்பிலும் பிள்ளைகளை வைத்திருப்பவர்கள் பொறுமையாகப் படிக்க வேண்டும்.

முதலில், பத்தாம் வகுப்பு முடித்த வீடுகளுக்கு. செடிகளோடு வேலை செய்யும் படிப்புகளின் வாசல் பதினொன்றாம் வகுப்பில் பிரிவு எடுக்கும் அன்றே திறக்கும் அல்லது மூடிவிடும். இயற்பியல், வேதியியல், உயிரியல் உள்ள பிரிவு எடுத்தால் வேளாண்மை, தோட்டக்கலை, வனவியல் எல்லாமே திறந்திருக்கும். தாவரவியலும் விலங்கியலும் தனித்தனியாக உள்ள பிரிவும் சரியே. சில அரசுப் பள்ளிகளில் வேளாண் அறிவியல் தொழிற்கல்விப் பிரிவு இருக்கிறது. மதிப்பெண் குறைந்த பிள்ளைகளைத் தள்ளிவிடும் இடம் என்று நம்மில் பலர் அதை நினைக்கிறோம். ஆனால் பட்டப்படிப்பில் தொழிற்கல்விப் பிரிவினருக்கென்றே தனி இடங்கள் உண்டு. வணிகவியலும் வரலாறும் எடுத்தவர்களுக்குப் பட்டப்படிப்பு வாசல் இல்லை. இந்த ஒரு வரியை நான் மூன்று ஆண்டுகளுக்கு முன் அறிந்திருக்க வேண்டும்.

பட்டப்படிப்பு என்றால் பெரும்பாலும் கோவையில் உள்ள தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தைத்தான் சொல்கிறோம். 1971இல் பல்கலைக்கழகமானது. ஆனால் அங்குள்ள வேளாண்மைக் கல்லூரி அதற்கு வெகுகாலம் முந்தையது. சைதாப்பேட்டையில் இருந்த வேளாண் பள்ளிதான் 1906இல் கோவைக்குப் போய்க் கல்லூரியாக வளர்ந்தது. இன்று உறுப்புக் கல்லூரிகள் மாநிலம் முழுவதும் உள்ளன. நம் பகுதிக்கு அருகில் என்று பார்த்தால் திருச்சி நவலூர் குட்டப்பட்டில் அன்பில் தர்மலிங்கம் வேளாண்மைக் கல்லூரியும், அதே வளாகத்தில் பெண்களுக்கென்றே ஒரு தோட்டக்கலைக் கல்லூரியும் இருக்கின்றன. லால்குடி அருகே குமுளூரில் வேளாண் பொறியியல் கல்லூரி. தோட்டக்கலைக்குப் பெரியகுளம், வனவியலுக்கு மேட்டுப்பாளையம். இவை தவிர சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் காரைக்காலிலும் வேளாண்மை படிக்கலாம்.

பட்டம் நான்கு ஆண்டு. நீட் கிடையாது. பன்னிரண்டாம் வகுப்பு மதிப்பெண்ணை வைத்தே தரவரிசை. அகில இந்திய ஒதுக்கீட்டு இடங்களுக்கு மட்டும் தனி நுழைவுத் தேர்வு. ஆங்கிலம் என்றால் பயப்படும் பிள்ளைகளுக்காக வேளாண்மையும் தோட்டக்கலையும் தமிழ்வழியிலும் தொடங்கப்பட்டிருக்கின்றன. நான்கு ஆண்டு முடியாது என்பவர்களுக்கு இரண்டாண்டுப் பட்டயப் படிப்பு இருக்கிறது.

இட ஒதுக்கீட்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம்மில் பலர் சான்றிதழ் வாங்குவதில் கடைசி நிமிடம் வரை அலட்சியமாக இருக்கிறோம். தமிழ்நாட்டில் பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 2007 முதல் 3.5 விழுக்காடு தனி ஒதுக்கீடு இருக்கிறது. அன்சர், தக்கனி முஸ்லிம், துதேகுலா, ராவுத்தர் மரைக்காயர் உட்பட்ட லப்பை, மாப்பிள்ளை, ஷேக், சையத் ஆகிய ஏழு பிரிவினருக்கும் இது பொருந்தும். சாதிச் சான்றிதழில் உட்பிரிவு சரியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். வெறுமனே "முஸ்லிம்" என்றோ "இஸ்லாம்" என்றோ எழுதிய சான்றிதழோடு கலந்தாய்வு நேரத்தில் அலைந்தவர்களை நான் அறிவேன். அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டு வரை படித்த பிள்ளைகளுக்கு 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வேளாண் படிப்புகளிலும் உண்டு. அந்த ஒதுக்கீட்டில் சேருவோரின் கட்டணத்தை அரசே ஏற்கிறது. அரசுப் பள்ளியில் சேர்த்ததற்காக வெட்கப்பட்ட வீடுகள் இதைக் குறித்துக்கொள்ளட்டும்.

ஒரு எச்சரிக்கை. பி.எஸ்ஸி வேளாண்மை என்று பலகை மாட்டிக்கொண்டு நன்கொடை கேட்கும் இடங்கள் சில இருக்கின்றன. அந்தக் கல்லூரி எந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது, அந்தப் பட்டத்தை அரசுப் பணித் தேர்வுகளுக்கு ஏற்பார்களா என்பதை எழுத்தில் கேட்காமல் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.

சரி, படித்து என்ன ஆவது? அந்தத் தாயார் அன்று கேட்ட அடுத்த கேள்வி இதுதான். நமக்குத் தெரிந்த விவசாயம் என்பது சேற்றில் இறங்குவதும் மழையைப் பார்த்து உட்கார்ந்திருப்பதும். அதனால் படித்த பிள்ளை அங்கே எதற்கு என்று தோன்றுகிறது. இதற்கு நடந்த ஒரு வரலாற்றைச் சொல்கிறேன்.

2008இல் கோவைப் பக்கம் பப்பாளி மரங்களில் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளையாக ஒரு பூச்சி காணப்பட்டது. பப்பாளி மாவுப்பூச்சி. மெக்சிகோ, நடு அமெரிக்கப் பகுதியைச் சேர்ந்தது. எப்படியோ இங்கு வந்துவிட்டது. பப்பாளியோடு நிற்கவில்லை. மரவள்ளி, பட்டுப்புழுவுக்குப் போடும் மல்பெரி, பருத்தி, செம்பருத்தி என்று பரவியது. மருந்து அடித்துப் பார்த்தார்கள். பூச்சியின் மேல் மெழுகுப் பூச்சு இருப்பதால் மருந்து சரியாக உள்ளே இறங்காது. அடித்த மருந்து, அதைத் தின்னும் நல்ல பூச்சிகளைத்தான் கொன்றது. விவசாயிகள் தோட்டத்தையே வெட்டிச் சாய்த்தார்கள்.

பூச்சியியல் படித்தவர்கள் வேறு விதமாக யோசித்தார்கள். இந்தப் பூச்சி அதன் சொந்த மண்ணில் ஏன் இவ்வளவு அழிவு செய்வதில்லை? அங்கே அதற்கென்று ஓர் எதிரி இருக்கிறது. கண்ணுக்குச் சரியாகத் தெரியாத சிறு குளவி. மாவுப்பூச்சியின் உடலுக்குள் முட்டையிடும். முட்டையிலிருந்து வரும் புழு பூச்சியை உள்ளிருந்தே தின்றுவிடும். அசரோபேகஸ் பப்பாயே என்று அதற்குப் பெயர். அதை 2010இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து, வேறு எதையும் தாக்காது என்று பெங்களூரில் சோதித்துப் பார்த்து, பிறகு ஆய்வுக்கூடத்தில் பெருக்கி, வேளாண் அறிவியல் நிலையங்கள் மூலம் தோட்டங்களில் விட்டார்கள். சில மாதங்களில் மாவுப்பூச்சி அடங்கியது. இன்றும் அந்தக் குளவி சம்பளமில்லாமல் வேலை பார்த்துக்கொண்டிருக்கிறது.

இந்த வேலையைச் செய்தவர்கள் யாரும் கலப்பை பிடிக்கவில்லை. ஒருவர் பூச்சியை நுண்ணோக்கியில் அடையாளம் கண்டவர். ஒருவர் குளவியை வளர்த்தவர். ஒருவர் கிராமத்துக்குப் போய், மருந்தை நிறுத்துங்கள் என்று விவசாயியிடம் பேசிப் புரியவைத்தவர். இவர்களில் கடைசி வேலைதான் மிகக் கடினம் என்று நான் நினைக்கிறேன். தோட்டம் வெள்ளையாகிக் கிடக்கும்போது ஒன்றும் அடிக்காதே என்று சொன்னால் யார் கேட்பார்? தென்னையில் 2016 முதல் வந்திருக்கும் சுருள் வெள்ளை ஈக்கும் இதே போன்ற வைத்தியம்தான் சொல்கிறார்கள். நம் பகுதியில் தென்னந்தோப்பு வைத்திருப்போர் ஓலைகளில் கருப்பாகப் படிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த ஈ சுரக்கும் தேன் போன்ற திரவத்தின் மேல் வளரும் பூஞ்சைதான் அது.

இப்படிப் பூச்சி ஒரு துறை, நோய் ஒரு துறை, மண் ஒரு துறை, புதிய ரகம் உருவாக்குவது ஒரு துறை. கோவையில் 1912இல் தொடங்கிய கரும்பு இனப்பெருக்க நிறுவனத்தில், சாறு நிறைந்த கரும்பை நாணல் போன்ற காட்டுக் கரும்போடு இணைத்து, 1918இல் கோ 205 என்ற ரகத்தை வெளியிட்டார்கள். அது பஞ்சாப் வரை போனது. பொங்கலுக்குக் கரும்பு விற்கும் நம் சகோதரர்கள் எத்தனை பேருக்கு இது தெரியும்? எனக்கும் தெரியாது, சென்ற ஆண்டு வரை.

பெண் பிள்ளைகளின் பெற்றோருக்கு ஒரு செய்தி. அந்தக் கரும்பு நிறுவனத்தில் 1930களில் வேலை பார்த்தவர்களில் ஜானகி அம்மாள் என்ற பெண்மணி ஒருவர். 1897இல் தலச்சேரியில் பிறந்து, சென்னையில் படித்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் முனைவர் பட்டம் வாங்கியவர். பிறகு இங்கிலாந்துக்குப் போனார். பயிர்களின் குரோமோசோம்களைப் பட்டியலிட்டு 1945இல் இன்னொரு அறிஞரோடு சேர்ந்து வெளியிட்ட நூல் உலகெங்கும் பயன்பட்டது. பெண்கள் பள்ளிக்கூடம் போவதே அரிதாக இருந்த நாளில் அவர் செடியின் செல்லுக்குள் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நம் வீடுகளில் கேட்கும் கேள்வி வேறு. "வெயிலில் வயலில் நிற்க வேண்டுமா? கிராமத்தில் தங்க வேண்டுமா?" மறைக்காமல் சொல்கிறேன். படிப்பின்போது ஊரகப் பணி அனுபவம் என்று சில வாரங்கள் கிராமத்தில் தங்கி விவசாயிகளோடு பழக வேண்டியிருக்கும். குழுவாகத்தான் அனுப்புகிறார்கள். வெயில் உண்டு. ஆனால் படித்து முடித்தபின் எல்லா வேலையும் வெயிலில் இல்லை. திசு வளர்ப்புக் கூடத்தை ஒரு முறை போய்ப் பாருங்கள். ஒரு வாழைக் கிழங்கின் நுனியில் உள்ள சிறு துண்டை எடுத்து, கண்ணாடிப் புட்டியில் சத்துக் கூழின் மேல் வைத்து, அதைப் பலவாகப் பிரித்துப் பிரித்து ஆயிரக்கணக்கில் கன்றாக்குகிறார்கள். ஜி9 வாழை என்று வாங்கி நடுகிறோமே, அது இப்படி வந்ததுதான். முழுக்கக் குளிரூட்டிய அறையில் கையுறை போட்டுச் செய்யும் வேலை. நான் போன கூடத்தில் வேலை செய்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள், அதில் இருவர் தலைமறைத்த நம் பிள்ளைகள். விதைப் பரிசோதனை, மண் பரிசோதனை ஆய்வுக்கூடங்களும் அப்படித்தான். திருச்சி தாயனூரில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. வாழை விளையும் ஊரில் இருந்துகொண்டு நாம் அந்தப் பக்கம் போனதே இல்லை.

வேளாண்மையில் இடம் கிடைக்காவிட்டால் தாவரவியல் பட்டம் இருக்கிறது. நம் சமுதாயத்தவர் 1951இல் தொடங்கிய ஜமால் முகமது கல்லூரியிலேயே அந்தத் துறை உண்டு. ஆனால் இரண்டும் ஒன்றல்ல என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். தாவரவியல் பட்டம் மட்டும் வைத்துக்கொண்டு வேளாண் அலுவலர் பணிக்குப் போக முடியாது. ஆசிரியர் பணி, ஆராய்ச்சி, திசு வளர்ப்பு, மூலிகை நிறுவனங்கள் என்று அதன் பாதை வேறு. மேற்படிப்பு இல்லாமல் அதில் நிற்பது கடினம். யூனானி மருத்துவமும் மூலிகையை நம்பியதே. சென்னை அரும்பாக்கத்தில் அரசுக் கல்லூரி இருக்கிறது. அதற்கு நீட் வேண்டும், உருது அல்லது அரபி, பார்சி படித்திருக்கவும் வேண்டும். மதரஸாவில் ஓதியபடியே பள்ளியும் படிக்கும் பிள்ளைகள் இதை யோசிக்கலாம். மதரஸாவில் நான் ஓதிய நாட்களில் மலகாவில் பிறந்த இப்னுல் பைத்தார் என்ற பெயரை ஓர் உஸ்தாத் சொல்லக் கேட்டிருக்கிறேன். சுமார் 1,400 மருந்துப் பொருள்களைப் பட்டியலிட்டவர், 1248இல் திமிஷ்கில் இறந்தவர். பெருமைக்குச் சொல்லிவிட்டுப் போய்விட்டோம். அவர் காடு மேடெல்லாம் அலைந்து செடி பறித்தவர் என்பதை யாரும் எங்களுக்கு அழுத்திச் சொல்லவில்லை.

வேலைக்கு வருவோம். டிஎன்பிஎஸ்சி மூலம் வேளாண்மை அலுவலர், தோட்டக்கலை அலுவலர் பதவிகளுக்குப் பட்டதாரிகளை எடுக்கிறார்கள். வேளாண்மை அலுவலரின் அடிப்படை ஊதியம் 37,700 ரூபாயில் தொடங்குகிறது. உதவி வேளாண்மை அலுவலருக்கு இரண்டாண்டுப் பட்டயம் போதும், தொடக்கம் 20,600. படிகள் தனி. வனத்துறைக்கு வனத் தொழில் பழகுநர் தேர்வு, அகில இந்திய அளவில் இந்திய வனப்பணித் தேர்வு. காபி வாரியம், நறுமணப் பொருள் வாரியம், தென்னை வளர்ச்சி வாரியம் போன்ற மத்திய அமைப்புகளிலும் இடம் வருகிறது. அரசு வங்கிகள் வேளாண் கள அலுவலர்களை எடுக்கின்றன. வங்கி வேலை குறித்து மார்க்க ரீதியாகத் தயக்கம் உள்ளவர்கள் ஆலிம்களிடம் கேட்டுக்கொள்ளுங்கள், அதில் தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. தனியாரில் விதை நிறுவனங்கள், உர, மருந்து நிறுவனங்கள், சொட்டுநீர் நிறுவனங்கள், ஏற்றுமதியாளர்கள். இவற்றில் தொடக்க வேலை பெரும்பாலும் விற்பனை இலக்கோடு இருக்கும். மாதக் கடைசியில் மருந்தை விற்றே ஆக வேண்டும் என்ற நெருக்கடியில், தேவையில்லாத மருந்தை விவசாயி தலையில் கட்டும்படி ஆகிவிடுகிறது என்று ஓர் இளைஞர் என்னிடம் வருத்தப்பட்டார். அவர் வேலையை விட்டுவிட்டார்.

அரசு வேலைக்குப் போட்டி மிக அதிகம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பட்டம் வாங்கிவிட்டால் மறுநாள் ஆணை வரும் என்று நம்பி யாரும் சேர வேண்டாம். ஆண்டுக்கணக்கில் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கும் வேளாண் பட்டதாரிகளை நான் சந்தித்தேன்.

வளைகுடாவைப் பற்றிக் கேட்காமல் நம் ஊரில் எந்தப் பேச்சும் முடியாது. அங்கே சாலையோரம் நிற்கும் மரங்களையும் பூச்செடிகளையும் பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒவ்வொன்றின் வேரிலும் ஒரு சொட்டுநீர்க் குழாய் இருக்கும். அந்தப் பாலைவனத்தில் செடி நிற்பது தானாக நடப்பதல்ல. அதைத் திட்டமிடுபவர், பராமரிப்பவர், நீரின் உப்பை அளப்பவர் என்று வேலைகள் இருக்கின்றன. கண்ணாடிக் கூடாரங்களில் மண்ணில்லாமல் கீரையும் தக்காளியும் வளர்க்கிறார்கள். அதே விமானத்தில் போகும் நம் பிள்ளை கடையில் பெட்டி தூக்குவதற்கும், படிப்போடு போய் அந்த வேலையில் அமர்வதற்கும் சம்பளத்தில் மட்டுமல்ல, மரியாதையிலும் வேறுபாடு இருக்கிறது.

படிப்பு வராத பிள்ளைகளுக்கு என்ன வழி? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான், கொஞ்சம் நீட்டி எழுதுகிறேன்.

நாற்றுப் பண்ணை என்பது கைத்தொழில். மாங்கொட்டையை நட்டால் மரம் வரும், ஆனால் தாய் மரத்தின் சுவை வரும் என்று உறுதியில்லை, காய்க்கவும் பல ஆண்டாகும். அதனால்தான் ஒட்டுக் கன்று. கொட்டையிலிருந்து வந்த இளங்கன்று வேருக்கு. நல்ல மரத்தின் நுனிக்குச்சி மேலே. அந்தக் குச்சியை வெட்டுவதற்கு ஒரு வாரம் பத்து நாள் முன்பே அதன் இலைகளைக் கிள்ளிவிட வேண்டும், அப்போதுதான் மொட்டு விழித்து நிற்கும். பிறகு ஆப்பு போல் சீவி, இளங்கன்றின் தண்டைப் பிளந்து செருகி, காற்றும் நீரும் போகாமல் பிளாஸ்டிக் நாடாவால் இறுக்கிக் கட்டுகிறார்கள். கத்தி கூர்மையாக இருக்க வேண்டும், இரண்டு பட்டையும் ஓரமாவது ஒட்ட வேண்டும். கிருஷ்ணகிரி மாவட்டம் சந்தூரில் இதையே ஊர்த் தொழிலாக வைத்திருக்கிறார்கள். ஒரு நல்ல ஒட்டுக்காரருக்கு மதிப்பெண் பட்டியல் தேவையில்லை. அவர் கட்டிய நூறில் எத்தனை பிழைத்தது என்பதே சான்றிதழ்.

காய்கறி நாற்று வேறு மாதிரி. குழித்தட்டில் தென்னை நார்க்கழிவை நிரப்பி, குழிக்கு ஒரு விதை போட்டு, நிழல்வலைக்குள் வைத்து, தக்காளியை சுமார் 25 நாளில் கொடுத்துவிட வேண்டும். வெள்ளை ஈ நுழையாத வலையும் வேண்டும், இல்லாவிட்டால் நாற்றோடு சேர்த்து நோயையும் விற்கிறோம். இந்தத் தொழிலின் ஆபத்து ஒன்றுதான், நாற்றுக்கு வயது உண்டு. மழையாலோ பணமில்லாமலோ விவசாயி பத்து நாள் தள்ளிப்போட்டால் நாற்று முற்றிவிடும், குப்பைக்குத்தான் போகும். அதனால் முன்பணம் வாங்காமல் விதை போடாதவர்கள்தான் நிலைத்து நிற்கிறார்கள். நாற்று விற்க விதைச் சான்றுத் துறையின் உரிமம் வேண்டும் என்பதையும் பலர் அறியாமலே தொடங்கிவிடுகிறார்கள்.

பயிற்சிக்குப் பல்கலைக்கழகத்தின் தொலைதூரக் கல்விப் பிரிவில் தமிழில் ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்புகள் இருக்கின்றன. பெரும்பாலான மாவட்டங்களில் வேளாண் அறிவியல் நிலையம் உண்டு, நமக்குச் சிறுகமணி. நாட்டிலேயே முதல் நிலையம் 1974இல் புதுச்சேரியில் தொடங்கியது. அங்கே ஒருநாள், இரண்டு நாள் பயிற்சிகள் நடக்கின்றன. குடும்பத் தலைவிகளும் போகலாம், போகிறார்கள். பட்டம் முடித்தவர்கள் சொந்தமாக வேளாண் ஆலோசனை மையம் தொடங்க மத்திய அரசின் 45 நாள் பயிற்சித் திட்டம் 2002 முதல் இருக்கிறது. அதில் வரும் கடன் வங்கிக் கடன் என்பதால் ஒதுங்கும் குடும்பங்கள், பயிற்சியை மட்டும் எடுத்துக்கொண்டு முதலுக்கு நம் வட்டியில்லாக் கடன் நிதியை அணுகலாம்.

உரம், பூச்சிமருந்துக் கடை வைத்திருக்கும் சகோதரர்கள் கவனத்துக்கு ஒன்று. 2017இல் விதி மாறியபின் பூச்சிமருந்து விற்பனை உரிமத்துக்குப் படிப்புத் தகுதி கட்டாயம். பழைய கடைக்காரர்களுக்காக வாரம் ஒரு நாள் வகுப்பாக, 48 வாரப் பட்டயப் படிப்பு ஒன்று நடத்தப்படுகிறது. அத்தாவின் கடையை மகன் எடுத்து நடத்தப் போகிறான் என்றால், அவன் வேளாண்மையோ வேதியியல் சார்ந்த பட்டமோ படித்துவிட்டு வருவது கடைக்கே பாதுகாப்பு.

நமக்கும் செடிக்கும் சம்பந்தமில்லை என்று சொல்பவர்களிடம் நான் இப்போது ஒன்று கேட்கிறேன். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் திண்டுக்கல்லிலும் நம்மவர் தோல் பதனிட்டது எதை வைத்து? ஆவாரம் பட்டையையும் கடுக்காயையும் வைத்து. நம் முன்னோரில் கொடிக்கால் வைத்து வெற்றிலை வளர்த்தவர்கள் இல்லையா? அத்தரும் மருதாணியும் எங்கிருந்து வந்தன? கடையில் வைத்து விற்பதில் மட்டும் நாம் நின்றுவிட்டோம், விளைவதைப் பார்ப்பதை விட்டுவிட்டோம்.

பிள்ளைக்கு இது பொருந்துமா என்று எப்படித் தெரிந்துகொள்வது? மாடியில் பத்துத் தொட்டி வைத்துக் கத்தரியோ மிளகாயோ போடச் சொல்லுங்கள். முளைத்த முதல் வாரம் எல்லாப் பிள்ளைக்கும் ஆசையாக இருக்கும். இலை சுருண்டு, அசுவினி வந்து, பாதிச் செடி காய்ந்தபின் என்ன செய்கிறான் என்று பாருங்கள். ஏன் காய்ந்தது என்று இலையைத் திருப்பிப் பார்க்கிற பிள்ளையாக இருந்தால், அவனை அல்லது அவளைக் கோடை விடுமுறையில் ஒரு பண்ணையில் விட்டுப் பாருங்கள். சலிப்பாகித் திரும்பி வந்தால் நஷ்டமில்லை. ஒரு மாதம்தான் போனது. நான்காண்டுப் படிப்பின் நடுவில் திரும்பி வருவதைவிட அது மேல்.

அந்தப் பையனைப் பற்றிக் கேட்கிறீர்கள். இப்போது பி.காம் இரண்டாமாண்டு, மாலைக் கல்லூரியில். பகலில் ஒரு நாற்றுப் பண்ணையில் வேலை. ஆறு மாதச் சான்றிதழ்ப் படிப்புக்கு நம் குழு கட்டணம் கட்டியது. சென்ற மாதம் போய்ப் பார்த்தேன். கொய்யாவில் விண்பதியம் போட்டுக்கொண்டிருந்தான், பட்டையை வளையமாக எடுத்து ஈரப் பாசி வைத்துக் கட்டுவது. "இருபது போட்டேன் மாமா, பதினாலு வேர் விட்டிருக்கு" என்றான். பட்டப்படிப்பு வாசல் அவனுக்கு இல்லை. அதற்கு நான் அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். "கணக்கு எழுதத் தெரிஞ்சவன் பண்ணையில நான் ஒருத்தன்தான்" என்று சொல்லி என்னைத் தேற்றினான். சொந்தமாக ஒரு சிறு நிழல்வலைக் கூடம் போட வட்டியில்லாக் கடன் கேட்டிருக்கிறான். விண்ணப்பம் குழுவின் முன் இருக்கிறது.

அவன் தங்கை இந்த ஆண்டு பத்தாம் வகுப்பு. அவளை உயிரியல் பிரிவில் சேர்ப்பது என்று அவர்கள் வீட்டில் முடிவாகிவிட்டது. என்னைக் கேட்கவில்லை.

பத்தாம் வகுப்புத் தேர்வு முடிவு வந்த வாரம் முழுவதும் நம் அலுவலகத்தில் தினமும் அஸருக்குப் பின் மஃரிப் வரை பிரிவுத் தேர்வு பற்றிப் பேசலாம். வேளாண் துறையில் பணியாற்றி ஓய்வு பெற்ற நம் பகுதிச் சகோதரர் ஒருவரும் வர ஒப்புக்கொண்டிருக்கிறார். பிள்ளையையும் கூட அழைத்து வாருங்கள். வரும்போது சாதிச் சான்றிதழின் நகலையும் எடுத்து வந்தால், உட்பிரிவு சரியாக இருக்கிறதா என்று அங்கேயே பார்த்துவிடலாம்.

செயலாளர்